அப்பாச்சி வலை வழங்கியும் மூல நிரல் நிறுவலும்

அப்பாச்சி என்பது இணையத்தளங்களை உலாவிகளுக்கு அனுப்பும் கட்டற்ற மென்பொருள். இன்று லினக்சில் அதை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். தொடக்க ஆண்டுகளில் பலருக்கு அது மூல நிரலாகவே கிடைத்தது; அதைத் தொகுத்து இயங்க வைப்பது நிறுவுபவரின் பொறுப்பு.

அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கியே இதன் முன்னோடி. 1994இல் அவர் விலகியதும் பணி தேங்கியது. பயனர்கள் தாங்களே பிழைகளைத் திருத்தி, அந்த ஒட்டு நிரல்களை மின்னஞ்சலில் பகிர்ந்துகொண்டனர். அவற்றைத் திரட்டி 1995 ஏப்ரலில் முதல் பொதுப் பதிப்பும், டிசம்பர் 1 அன்று 1.0 பதிப்பும் வெளிவந்தன.

இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொது இணையச் சேவையைத் தொடங்கியதும் அதே ஆண்டு, ஆகஸ்ட் 15இல்தான். சென்னையும் தொடக்க நகரங்களுள் ஒன்று. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பை இறக்கவே கால் மணி நேரம் ஆகும். நடுவில் தொலைபேசி இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான்.

1.3 பதிப்புக்கு முன் நிறுவுவது கைவேலை. அமைப்புக் கோப்பைத் திறந்து, வேண்டிய கூறுகளின் வரிகளுக்கு முன்னிருக்கும் ஹேஷ் குறியை நீக்கி, 'மேக்' கட்டளையால் தொகுத்து, உருவான நிரலை உரிய அடைவுக்கு நகலெடுக்க வேண்டும். 'கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்' என்ற பழகிய வரிசை அப்பாச்சிக்கு வந்தது 1998இல், 1.3 பதிப்போடு.

மறைகுறியாக்கம் வேண்டியவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. வலுவான மறையாக்க மென்பொருள்களின் ஏற்றுமதியை அமெரிக்கச் சட்டம் கட்டுப்படுத்தியதால் அப்பாச்சியில் அந்தக் கூறு இல்லை. பிரித்தானியாவின் பென் லாரி உருவாக்கிய அப்பாச்சி-எஸ்எஸ்எல், ஜெர்மனியரான ரால்ஃப் எங்கெல்சால் 1998இல் வெளியிட்ட மாட்-எஸ்எஸ்எல் ஆகியவை அக்குறையைத் தீர்த்தன. மாட்-எஸ்எஸ்எல் வேண்டுமானால் மறையாக்க நூலகத்தை முதலில் தொகுத்து, அப்பாச்சியின் மூல நிரலை ஒட்டு நிரலால் மாற்றி, பிறகு அதையும் தொகுக்க வேண்டும். பதிப்பு எண்கள் பொருந்தாவிட்டால் உழைப்பு வீண். 2000இல் சட்டம் தளர்ந்தது. 2002இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அப்பாச்சி 2.0 இக்கூறைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

டெபியன் போன்ற வழங்கல்களின் ஆயத்தப் பொதிகள் இந்த உழைப்பைக் குறைத்தன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியன் வழிவந்ததே. பொதியில் இல்லாத கூறோ புதிய பதிப்போ தேவைப்படுபவர்கள் இன்றும் மூல நிரலை நாடுகின்றனர்.

ஆனால் அவ்வழியில் பராமரிப்பும் நிறுவியவர் தலையில்தான். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' ஓட்டை வெளிப்பட்டபோது, பொதிவழி நிறுவியவர்கள் புதுப்பித்து, வழங்கியை மீண்டும் தொடங்கினால் ஓட்டை அடைபட்டது. தாங்களே தொகுத்தவர்கள், எந்தப் பதிப்பை எந்த அடைவில் வைத்தோம் என்று தேடி, திருத்திய நிரலை மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது.