சிடி28

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களின் மேற்பரப்பில் இருந்து, அவற்றைச் செயலுக்குத் தூண்டும் புரத மூலக்கூறு. இதன் மரபணு மனிதனின் 2ஆம் குரோமோசோமில் உள்ளது. அந்நியப் பொருளின் அடையாளமான ஆன்டிஜெனை டி செல்லின் ஏற்பி கண்டுகொள்வது முதல் சமிக்ஞை; அதனால் மட்டுமே டி செல் முழுமையாக விழித்துக்கொள்வதில்லை. ஆன்டிஜெனைக் காட்டும் செல்லிலுள்ள சிடி80 அல்லது சிடி86 மூலக்கூறு சிடி28உடன் இணைந்து இரண்டாவது சமிக்ஞையைத் தர வேண்டும். அது கிடைக்காத டி செல் பெரும்பாலும் செயலற்றுப் போகும். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று.

இந்தப் பூட்டை மீறினால் என்ன நேரும் என்பதை 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் நடந்த மருந்துச் சோதனை காட்டியது. சிடி28உடன் இணைந்து, முதல் சமிக்ஞை இல்லாமலேயே டி செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருள், ஆரோக்கியமான 6 தன்னார்வலர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டது. இந்த அவசரம் மன்னிக்கத்தக்கதல்ல. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, காய்ச்சல், இரத்த அழுத்த வீழ்ச்சி தொடங்கின. நோய் எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் புரதங்கள் அளவுமீறிச் சுரக்கும் சைட்டோகைன் புயலால் பல உறுப்புகள் செயலிழந்தன. ஆறு பேரும் உயிர் பிழைத்தனர். முன்னதாகக் குரங்குகளில் நடத்திய சோதனையில் இந்த ஆபத்து தெரியவராததற்குக் காரணம், அவற்றின் ஒருவகை நினைவு டி செல்களில் சிடி28 இல்லாததே என்று பின்னர் விளங்கியது.

சிடி80, சிடி86 ஆகியவற்றுடன் இன்னும் இறுக்கமாக இணைந்து டி செல்லை அடக்கும் மூலக்கூறு சிடிஎல்ஏ-4. அதைத் தடுத்துப் புற்றுநோயை எதிர்க்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசன், டி செல்லை அடக்கும் மற்றொரு மூலக்கூறான பிடி-1ஐ ஆராய்ந்த தசுகு ஹோன்ஜோவுடன் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நேர்மாறாக, சிடி28க்குக் கிடைக்கும் சமிக்ஞையை மறிக்கும் அபடசெப்ட் முடக்குவாதத்துக்கு மருந்தாகிறது.