அஞ்சாலையும் அயலவரும்

வீட்டில் பவளத்தொட்டி வைத்திருப்பவர்களிடம் வருகிற விருந்தினர் அநேகமாகக் கேட்கும் கேள்வி இது: "இதுக்குள்ள ஒரு விலாங்கை விட்டால் மற்றதுகளைத் தின்னாதா?"

அவர்கள் சொல்லும் விலாங்கு, ஜேர்மன்காரர் முறேனெ என்று சொல்வது. எங்கள் கடற்கரைகளில் மீனவர்கள் அதை அஞ்சாலை என்பார்கள். பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுகிறது என்று நினைப்போம். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். மற்ற மீன்களைப்போல அசைக்கக்கூடிய செவுள்மூடி அதற்கு இல்லை. தண்ணீரை வாயால்தான் தள்ளவேண்டும்.

எல்லோரும் கேட்பது அதன் பல்லைப் பற்றி. ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைப் படித்தால், அஞ்சாலையோடு மற்ற உயிர்களை வாழவைக்க முடியாமல் மனிதரை நீண்டகாலம் தடுத்தது பல் அல்ல, தண்ணீர்தான் என்று தெரிகிறது.

அஞ்சாலை வளர்ப்பது பழைய பைத்தியம். ரோமாபுரிப் பணக்காரர்கள் கடலோரக் குளங்களில் வளர்த்தார்கள். யூலியஸ் சீசரின் வெற்றி விருந்துக்கு ஹிர்ரியுஸ் என்பவர் 6000 அஞ்சாலைகளைக் கடனாகக் கொடுத்தார் என்று பிளினி எழுதியிருக்கிறார். கிராசுஸ் என்ற பேச்சாளர் தன் அஞ்சாலை செத்தபோது அழுதாராம். வேடியுஸ் பொல்லியோ என்பவனோ கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்த அடிமையைத் தன் குளத்து அஞ்சாலைகளுக்குப் போடச் சொன்னான். விருந்துக்கு வந்திருந்த பேரரசர் அகஸ்டஸ் அந்தப் பையனைக் காப்பாற்றி, வீட்டிலிருந்த கிண்ணங்கள் எல்லாவற்றையும் உடைப்பித்தார். அந்தக் குளங்களுக்குள் கடல் தானே வந்து போனது. தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

கடல் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஜேர்மனியில் இந்தக் கதை ஒரு வார இதழில் தொடங்குகிறது. லைப்சிக்கில் அச்சான 'கார்டன்லாவுபெ'யில் எமில் அடோல்ஃப் ரோஸ்மெஸ்லர் 1856இல் 'கண்ணாடிக்குள் ஏரி' என்று பொருள்படும் ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1848 புரட்சிக்காலத்துப் பிராங்பேர்ட் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். அரசியல் தோற்றபின் மக்களுக்கு இயற்கையைச் சொல்லிக்கொடுக்கப் போனார். அக்வாரியம் என்ற பொருள் ஜேர்மன் வீடுகளுக்குள் வந்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது நன்னீர்த் தொட்டி. செடி, நத்தை, சின்ன மீன்.

1869இல் பேர்லினில் உன்ரர் டென் லிண்டன் வீதியில் பெரிய அக்வாரியம் ஒன்று திறந்தது. முதல் இயக்குநர் அல்ஃபிரெட் பிரேம். அவருக்குப் பின் வந்த ஒட்டோ ஹெர்மஸ் வேதியியல் தெரிந்தவர். பேர்லினுக்குக் கடல்நீரைச் சுமந்து கட்டுப்படியாகாது என்பதால் உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்தார். இன்றைக்கு நாங்கள் கடையில் வாளி வாளியாக வாங்கும் உப்புக்கு அது மூதாதை.

அந்தத் தண்ணீர் ஒரு விலாங்கின் மர்மத்தையும் அவிழ்த்தது. விலாங்கு எப்படிப் பிறக்கிறது என்று அதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அரிஸ்டாட்டில் சேற்றிலிருந்து வருகிறது என்று நினைத்தார். 1876இல் இருபது வயது மாணவன் ஒருவன் திரியெஸ்தேயில் ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினான். உறுதியான பதில் கிடைக்கவில்லை. அவன் பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். பிறகு மனித மனத்தை ஆராயப் போனது அந்தச் சலிப்பினால்தானோ என்னவோ! பேர்லின் தொட்டியில் வாழ்ந்து செத்த சேஆல் என்னும் பெரிய கடல்விலாங்கு ஒன்றை ஹெர்மஸ் அறுத்துப் பார்த்தார். முதிர்ந்த ஆண் உறுப்புகளைக் கண்டு 1881இல் வெளியிட்டார். ஒரு விலாங்கு முதிரும் அளவுக்கு அந்தச் செயற்கைக் கடலில் உயிர்வாழ்ந்திருக்கிறது.

பவளம் மட்டும் வாழவில்லை. உயிருள்ள பவளத்தைப் பார்க்க ஜேர்மன் மொழி பேசுகிறவர்கள் எங்கள் பக்கம்தான் வரவேண்டியிருந்தது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஒய்கன் ஃபொன் ரான்சொனே 1860களின் நடுவில் இலங்கையின் காலித் துறைமுகத்தில், தான் வடிவமைத்த மூழ்குமணிக்குள் உட்கார்ந்து கடலடியை வரைந்தார். யேனா பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1881-82 குளிர்காலத்தில் இலங்கைக்கு வந்து அதே காலியில் பவளம் சேகரித்தார். கப்பல் ஏறியது வெள்ளை எலும்புக்கூடுதான்.

உயிரோடு கொண்டுபோகப்பட்டவையும் உண்டு. அதே 1880களில் ஹம்பேர்க் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதர்களையும் கூட்டிவந்து நகரம் நகரமாகக் காட்சிக்கு வைத்தார். ஜேர்மன் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தன. அக்வாரியத்தின் வரலாற்றை அழகான வரலாறாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூரத்து உயிர்களைப் பெட்டிக்குள் பார்க்கும் ஆசையும் அந்த வியாபாரமும் ஒரே தெருவில்தான் வளர்ந்தன.

சரி, பவளம் ஏன் சாகிறது? பவளப்பாறைக் கடலின் தண்ணீர் சத்துக் குறைந்த ஏழைத் தண்ணீர். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறது. தண்ணீரில் கழிவு சேர்ந்தால் வெளிப்பாசி தழைத்துப் பவளத்தை மூடிவிடும். இப்போது அஞ்சாலையை நினையுங்கள். அது மாமிசம் தின்பது. இறால், கணவாய், மீன்துண்டு. தின்கிற அளவுக்குக் கழிக்கும். அதாவது ஒரே பெட்டியில் ஒருவருக்குப் பட்டினித் தண்ணீர் வேண்டும், மற்றவருக்கு விருந்து வேண்டும்.

இதற்கு வழி 1960களில் திறந்தது. ஜேர்மனியில் சாண்டர், துன்செ போன்ற சின்ன நிறுவனங்கள் வீட்டுத் தொட்டிகளுக்குப் புரத நுரைப்பான் செய்து விற்றன. அம்மா பருப்பு அவிக்கும்போது மேலே நுரை பொங்குமே, கரண்டியால் வழித்து ஊற்றுவாரே, அதேதான். நுண்ணிய காற்றுக்குமிழிகளில் புரதக்கழிவு ஒட்டிக்கொள்ளும், நுரையாக மேலே ஏறிக் கிண்ணத்தில் விழும். கழிவு அழுகுவதற்கு முன்பே வெளியேறிவிடும். நான் பொறியியல் படித்தவன். இவ்வளவு எளிமையாக இவ்வளவு வேலை செய்யும் கருவிகள் குறைவு என்பேன்.

மற்றப் பாதி ஆசியாவிலிருந்து வந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளை வைத்தே தொட்டியை நடத்திக் காட்டி, 1961இல் எழுதினார். பாறைக்குள் வாழும் பக்டீரியாக்கள் கழிவைத் தின்றன. எழுபதுகளில் பேற்றர் வில்கன்ஸ் பவளங்களையும் மற்ற முதுகெலும்பற்ற உயிர்களையும் வளர்ப்பதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எண்பதுகளில் பேர்லின்காரர்கள் உயிர்ப்பாறை, நுரைப்பான், பலமான விளக்கு மூன்றையும் சேர்த்தார்கள். அதற்கு உலகமெங்கும் 'பேர்லின் முறை' என்றே பெயர். டீட்ரிஷ் ஸ்டூபர் என்பவரின் தொட்டியில் வளர்ந்த ஒரு கொம்புப்பவளத்தை உடைத்து உடைத்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் துண்டுகளின் துண்டுகள் ஐரோப்பாவெங்கும் பரவின.

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த பிறகுதான் விருந்தினர் கேட்கும் பல்லுக் கேள்விக்கு அர்த்தம் வந்தது. பதில், எந்த அஞ்சாலை என்பதைப் பொறுத்தது. கூர்ப்பல் உள்ள இனங்கள் மீனைப் பிடிக்கும். வீடுகளில் அதிகம் வைத்திருப்பது வெள்ளையில் கறுப்புப் பூப்போட்ட சிறிய இனம். அதன் பல் மழுங்கியது, நண்டும் இறாலும் உடைக்கப் படைக்கப்பட்டது. பவளத்தைத் தொடாது, நடுத்தர மீன்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் தொட்டியைச் சுத்தம் செய்ய நாங்கள் விடும் இறாலும் நண்டும் அதற்குச் சாப்பாடு. கடலில் துப்புரவு இறால் அஞ்சாலையின் வாய்க்குள்ளேயே புகுந்து சுத்தம் செய்யும். தொட்டியில் அந்த ஒப்பந்தத்தை நம்பி 20 யூரோ இறாலை விடாதீர்கள். அஞ்சாலைக்குத் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது, அது முன்னே வந்து இரையைப் பிடித்து உள்ளே இழுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் 2007இல்தான் கண்டுபிடித்தார்கள். இறாலுக்குத் திரும்பி வர வழி இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். பாறைகளை மணலின் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடியில் ஊன்றி வையுங்கள். அது தோண்டிக்கொண்டு போகும். மூடியில் விரல் நுழையும் இடைவெளியும் விடாதீர்கள். அஞ்சாலை தொட்டியில் சாவதைவிடத் தரையில் காய்ந்து சாவதை நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

இன்று ஜேர்மன் கடைகளில் இருக்கும் பவளங்களில் பல இங்கேயே துண்டு வைத்து வளர்ந்தவை. எங்களைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அஞ்சாலை அப்படி இல்லை. அதன் குஞ்சு கண்ணாடி இலைபோலத் தட்டையாக மாதக்கணக்கில் திறந்த கடலில் மிதக்கும். அதை வளர்த்து விற்கும் பண்ணை கிடையாது. கடையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாறையிலிருந்து ஒரு சுழியோடி பிடித்தது. இலங்கையும் அப்படி மீன் அனுப்பும் நாடுதான். 1998இல் கடல் சூடாகி இலங்கையின் ஆழமற்ற பவளங்கள் பெருமளவில் வெளிறிச் செத்தன. திருகோணமலைக்கு அருகே புறாத்தீவுப் பாறைகள் அந்த முறை தப்பின. ஊருக்குப் போனால் அங்கே முகமூடியைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வையுங்கள். இடுக்குகளைப் பாருங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.