ஓர் எழுத்துக்குக் காத்திருந்த பூட்டு

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் தொழிலில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. புது சர்வரை நிறுவியதும் முதல் வேலையாக எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அணைத்துவிடுவார்கள். மென்பொருள் நிறுவும் வழிமுறைகள் பலவற்றில் அது முதல் படியாகவே எழுதப்பட்டிருந்தது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் காரணம் வேறு இடத்தில் இருப்பது தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்து வைப்பதற்கென்றே கட்டப்பட்ட ஏற்பாடு அது. பகிர வேண்டியதைப் பகிர்வதற்கு, வேலை நெருக்கடியில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் வழி எதையும் அது தரவில்லை. வழி கிடைத்தபோது பூட்டு நிலைத்தது. கிடைக்காதபோது பூட்டையே கழற்றினார்கள். கன்டெய்னர்களுக்கு ஒரு டைரக்டரியைப் பகிர்ந்து தருவதில் பட்ட பாடு இதற்கு மிகத் தெளிவான சான்று.

யூனிக்ஸின் பழைய அனுமதி முறையில் கோப்பின் சொந்தக்காரரே அதை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று முடிவு செய்வார். ரூட் பயனருக்குத் தடையே கிடையாது. ராணுவ ரகசியங்களைக் காக்க இது போதாது என்பதால், அமெரிக்க விமானப்படைக்காக மைட்டர் நிறுவனத்தில் பெல், லபடுலா இருவரும் 1973-இல் வேறொரு மாதிரியை வகுத்தார்கள். அதில் முடிவு சொந்தக்காரர் கையில் இல்லை, அமைப்பின் விதியில் இருந்தது. அந்தச் சிந்தனை பல ஆய்வுத் திட்டங்களைக் கடந்து, 2000 டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை வெளியிட்ட எஸ்ஈலினக்ஸாக வந்து சேர்ந்தது, 2003-இல் 2.6 கெர்னலில் இடம்பிடித்தது. ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று பாலிசியில் எழுதியிருக்க வேண்டும்; எழுதாதது எல்லாம் மறுக்கப்படும், ரூட்டாக இருந்தாலும் சரி.

முழுக் கணினியையும் இந்த விதிக்குள் அடக்கப் பார்த்த முதல் முயற்சி தாங்கவில்லை. 2004-இல் ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் வெளியீடு எஸ்ஈலினக்ஸை அணைத்த நிலையிலேயே தந்தது. அதே ஆண்டு வந்த ஃபெடோரா கோர் 3, வலைச் சேவைகள் போன்ற குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் கட்டுப்படுத்தி, மற்றதை விட்டுவைத்தது. அதனால்தான் அது இயங்கு நிலையிலேயே பயனர்களிடம் போய்ச் சேர முடிந்தது. பாலிசியைத் தளர்த்தியதே அதை வாழவைத்தது என்பதற்கு இது முதல் ஆதாரம்.

2009 வாக்கில் மெய்நிகர்க் கணினிகளுக்காக, எஸ்ஈலினக்ஸின் லேபிள்களைக் கொண்டே அவற்றைப் பிரிக்கும் எஸ்விர்ட் வந்தது. சி0 முதல் சி1023 வரை 1,024 வகைக் குறிகள். ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் அவற்றில் ஏதேனும் இரண்டு. இப்படி 5,23,776 ஜோடிகள் கிடைக்கும். ஜோடி ஒத்துப்போகாதவை ஒன்றையொன்று தொட முடியாது. தனக்கென்று ஒரு வட்டுக் கோப்பை வைத்திருந்த மெய்நிகர்க் கணினிக்கு இந்தச் சட்டை கச்சிதமாகப் பொருந்தியது. 2013-இல் கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் வந்த பிறகு அதே சட்டையைத்தான் கன்டெய்னருக்கும் போட்டார்கள், ஆனால் கன்டெய்னரின் வாழ்க்கை வேறு. அதை அழித்து அழித்து மறுபடி எழுப்புவார்கள். ஆகவே டேட்டாபேஸ் போன்ற நிலையான சரக்கு வெளியே, ஹோஸ்டின் டைரக்டரியில் இருக்க வேண்டும். அந்த டைரக்டரியின் லேபிளோ ஹோஸ்டுக்கு உரியது. உள்ளே இருக்கும் புராசஸ் ரூட்டாக இருந்தும், பழைய முறையில் எல்லா அனுமதியும் திறந்திருந்தும், ‘அனுமதி இல்லை’ என்ற பதிலே வந்தது. உண்மைக் காரணம் தணிக்கைப் பதிவில் கிடந்தது. திரையில் வந்த செய்தி அதைச் சொல்லவில்லை. லேபிளை மாற்றத் தனிக் கட்டளை இருந்தது உண்மை. ஆனால் அதற்கு எஸ்விர்ட்-சாண்ட்பாக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வகைப்பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும். 2015-இல் டாக்கர் 1.7 இந்தச் சிக்கலை ஓர் எழுத்தில் அடக்கியது. பகிரும் டைரக்டரியின் பெயருக்குப் பின்னால் சின்ன இசட் போட்டால், எல்லாக் கன்டெய்னர்களும் தொடக்கூடிய லேபிள் அதன்மேல் ஒட்டப்படும். பெரிய இசட் போட்டால் அந்த ஒரு கன்டெய்னரின் ஜோடிக் குறியே ஒட்டப்படும். எழுத்தின் அளவை வைத்தே பொதுவா, தனியா என்று பிரித்தது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இசட் பாலிசியைத் திருத்துவதில்லை. வட்டில் இருக்கும் லேபிள்களையே மாற்றி எழுதுகிறது. யாராவது ஹோம் டைரக்டரி முழுவதையும் பெரிய இசட் போட்டுப் பகிர்ந்தால், ஹோஸ்டின் சொந்த நிரல்களே தங்கள் கோப்புகளைப் படிக்க முடியாமல் நிற்கும். குறை உண்மையானதுதான். ஆனால் வழி இருந்ததால் வந்த குறை அது, அதனால் வழியையே செப்பனிட முடிந்தது. யுஎஸ்ஆர், ஈடிசி போன்ற டைரக்டரிகளின் லேபிளை மாற்ற மறுக்கும் சோதனை சேர்ந்தது. லேபிளைத் தொடவே கூடாத இடங்களுக்கு, ஒரு கன்டெய்னரின் தேவைகளை ஆராய்ந்து அதற்கென்று மட்டும் பாலிசி எழுதித் தரும் யுடிகா என்ற கருவி வந்தது. லட்சக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றும் தாமதத்தைத் தவிர்க்க, மவுன்ட் செய்யும்போதே மொத்தத்துக்கும் ஒரே லேபிள் தரும் வசதி 2023-இல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் 1.27 பதிப்பில் பீட்டா நிலையை அடைந்தது.

கோப்பின் பாதையை வைத்தே காவல் செய்யும் ஆப்பார்மர் என்ற மற்றொரு லினக்ஸ் பாதுகாப்பு ஏற்பாடு இதைவிட எளிது, லேபிள் ஒட்டும் தொல்லையே இல்லை என்பார்கள். எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாக்கர் இயல்பாகத் தரும் ஆப்பார்மர் விதித்தொகுப்பு எல்லாக் கன்டெய்னர்களுக்கும் ஒன்றே. ஒரு கன்டெய்னரை இன்னொன்றிடமிருந்து அது பிரிப்பதில்லை. 2019 பிப்ரவரியில், கன்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் ஹோஸ்டின் ரன்சி நிரலையே கன்டெய்னருக்குள்ளிருந்து மேலெழுதவிடும் ஓட்டை வெளியானபோது, இயல்பான ஆப்பார்மர் விதிகள் அதைத் தடுக்கவில்லை. கன்டெய்னருக்கு உரிய லேபிளோடு ஓடிய புராசஸை எஸ்ஈலினக்ஸ் தடுத்தது. ஃபெடோராவின் ஒரு தொகுப்பில் மட்டும் கன்டெய்னர் புராசஸ்கள் அந்த லேபிள் இல்லாமல் ஓடியதால் அங்கே காவல் கிடைக்கவில்லை. இசட் போட்டு டைரக்டரியைப் பகிர்ந்திருந்த சர்வர்களில் அன்று பூட்டு அதன் இடத்தில் இருந்தது. ஒரு டைரக்டரி திறக்கவில்லை என்பதற்காக எஸ்ஈலினக்ஸை மொத்தமாக அணைத்திருந்த சர்வர்களில், அந்த நிரலைத் திருத்தும்வரை குறுக்கே நிற்க அது இல்லை.