பைசாக் கோபுரக் கதையும் கலீலியோவின் சாய்தளமும்

விழும் பொருள்களின் இயக்கத்தைப் பள்ளியில் பயிலும் மாணாக்கர் பலரும் ஒரு கதையைக் கேட்டிருப்பர். கலீலியோ பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின்மேல் ஏறி, எடை வேறுபட்ட இரு குண்டுகளை ஒருங்கே விடுத்தார். அவை ஒருங்கே நிலத்தை அடைந்தன. அரிஸ்டாட்டில் வழியினர் நாணித் தலைகுனிந்தனர் என்பது அக்கதை. பொருள் இயற்பியலார்க்கு உரியதே எனினும், கதை நிற்பது ஏட்டுச் சான்றின்மேல் ஆதலின், இலக்கிய ஆராய்ச்சியாளரும் இதனுள் புகுதல் குற்றமன்று. 1935ஆம் ஆண்டில் இக்கதையை விரிவாக ஆராய்ந்து தனிநூல் வெளியிட்ட லேன் கூப்பரும் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆங்கில இலக்கியப் பேராசிரியரே ஆவர்.

கதையின் மூலம் யாது? கலீலியோ பைசாவில் கணிதம் கற்பித்த காலம் 1589 முதல் 1592 வரை. அக்காலத்தில் அவர் இலத்தீனில் எழுதி, அச்சிடாது வைத்த இயக்க நூலில் உயர்ந்த கோபுரத்திலிருந்து பொருள்களை விடுத்துப் பார்த்த குறிப்பு உண்டு. ஆயின் பைசாக் கோபுரத்தின் பெயரும் இல்லை. கூடிய அவையும் இல்லை. அன்றியும், பொருளின் அடர்த்திக்கேற்ப விழும் வேகம் வேறுபடும் என்பதே அன்று அவர் கொண்டிருந்த கொள்கை. எல்லாப் பொருளும் ஒருங்கே விழும் என அவர் அந்நாளிலேயே அவையறிய நிறுவினார் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

கோபுர நிகழ்ச்சியை முதலில் உரைத்தவர் விவியானி. அவர் 1654இல் எழுதிய கலீலியோ வரலாறு 1717இல்தான் அச்சேறிற்று. விவியானி பிறந்ததே 1622இல். எனினும், கலீலியோவின் இறுதி ஆண்டுகளில் உடனிருந்தவராதலின், ஆசிரியர் வாய்மொழியாகவே இதனைக் கேட்டிருத்தல் கூடும். முற்றும் பொய்யெனத் தள்ளுதல் தகாது. நோக்கற்பாலது வேறொன்று. ‘ஒரே பொருளால் ஆகி, எடையில் வேறுபட்டவை’ என்றே விவியானி வரையறுத்தார். பின்வந்தோர் அவ்வரையறையை விடுத்து, நாணித் தலைகுனிந்த எதிரிகளைச் சேர்த்தனர். கம்பரையும் ஒட்டக்கூத்தரையும் ஓரவையில் மோதவிட்ட விநோத ரசமஞ்சரியைப் படித்த எமக்கு இவ்வளர்ச்சி புதிதன்று.

முதன்மையும் கலீலியோவுக்கு உரியதன்று. எடையில் மிக வேறுபட்ட பொருள்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழும் என்பதை ஆறாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பிலோபோனசு தம் உரையில் குறித்தார். 1586இல் நெதர்லாந்தின் ஸ்டெவின், ஒன்றுக்கொன்று பத்து மடங்கு எடையுள்ள ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்தினின்று பலகைமேல் விடுத்து, ஓசை ஒன்றாகக் கேட்டமையை எழுதினார். அதனையும் தம் தாய்மொழியிலேயே எழுதினார் என்பது எம் போன்றோர்க்கு உவகை தருவது.

அங்ஙனமாயின் கலீலியோவின் பெருமை எங்குளது? சாய்தளத்தில் உளது என்பதே எம் துணிபு. கோபுரம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியினின்று விழும் குண்டு மூன்று நொடியளவில் நிலத்தை எட்டிவிடும். இரண்டும் ஒருங்கே வந்தன என்று காணலாமேயன்றி, இடைவழியில் வேகம் எவ்வாறு பெருகிற்று என்பதை அக்காலத்துக் கருவிகொண்டு அளத்தல் அரிது. கலீலியோ வீழ்ச்சியையே மெதுவாக்கினார். 12 இத்தாலிய முழ நீளமுள்ள மரத்தில் நேரிய பள்ளம் வெட்டி, அதில் வழவழப்பான தோல்தாளை ஒட்டி, ஒரு முனையைச் சிறிது உயர்த்தி, வெண்கல உருண்டையை உருளவிட்டார். பெரிய கலத்தினின்று மெல்லிய குழாய்வழி ஒழுகிய நீரை எடையிட்டுக் காலத்தை அளந்தார். நூறுமுறை செய்ததாகக் கூறுகிறார். காலம் இருமடங்காயின் தொலைவு நான்கு மடங்கு. மும்மடங்காயின் ஒன்பது மடங்கு. 1638இல் லெய்டனில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ இதனை உரைக்கிறது. விசையின் விளைவு வேகமன்று, வேகமாற்றமே என்று 1687இல் நியூட்டன் வகுத்த விதிக்கு இவ்வளவையே படியாயிற்று. பள்ளிப் பாடத்தில் கோபுரம் நின்று சாய்தளம் மறைவதால், மாணாக்கர் முடுக்கம் என்னும் கருத்தின் பிறப்பையே காணாது போகின்றனர்.

சாய்தளத்தையும் கற்பனையென ஐயுற்றோர் உளர். அவருள் தலையாயவர் பிரான்சில் வாழ்ந்த வரலாற்றறிஞர் கொய்ரே. நீரை எடையிட்டு இத்துணை நுட்பம் பெறல் இயலாது என அவர் கருதினார். ஆயின் 1961இல் தாமசு செட்டில் என்பார் அதே முறையில் சாய்தளமும் நீர்க்கலமும் அமைத்துச் செய்து பார்த்தார். கலீலியோ கூறிய நுட்பம் கிட்டிற்று. பின்னர், 1970களில் ஸ்டில்மன் டிரேக், பிளாரன்சு நூலகத்துக் கையெழுத்துத் தாள்களுள் உருண்டைகள் சென்ற தொலைவுகளைக் கலீலியோ தம் கையாலேயே குறித்து வைத்திருந்த எண்களைக் கண்டு வெளியிட்டார்.