பசியும் பாதையும்: பிரான்சின் உணவு, ஒயின், நடைவழிப் பயணங்கள் உருவான வரலாறு

பிரான்சுக்குச் செல்லவிருக்கும் பயணி லியோன் நகரத்து உணவகங்களையும் பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களையும் வோஜ் மலைத்தொடரின் நடைவழிகளையும் ஒரே திட்டத்தில் அடக்கி நாட்களைப் பங்கிட்டுக்கொள்வது இன்று வெகு இயல்பாக நடைபெறுகிறது. ஆயினும் ஒரு நாட்டை அதன் சமையலாலும் மதுவாலும் மலைப்பாதைகளாலும் அறிந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவிவந்த ஒன்றன்று. அதன் பெரும்பகுதி இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், விளைந்ததை விற்க வழியின்றித் தவித்த ஊர்களாலும், சாலைக்கு ஆள் தேடிய தொழில்களாலும் சிறிது சிறிதாகக் கட்டப்பட்டது.

இதற்கு முந்தைய நிலையை ஒரு வரைபடம் தெளிவாகக் காட்டுகிறது. மருந்தாளரும் எழுத்தாளருமான ஷார்ல்-லூயி காதே த காசிகூர் 1809இல் வெளியிட்ட உணவியல் நூலில், பிரான்சின் ஊர்களை அவற்றின் விளைபொருள்களால் குறிக்கும் வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர்களின் அருகே பன்றித் தொடைகளும் கோழிகளும் ஒயின் புட்டிகளும் பீப்பாய்களும் சிறுசிறு ஓவியங்களாக வரையப்பட்டிருந்தன. பார்வைக்குச் சுற்றுலா வரைபடம் போன்றிருந்தாலும், அது பிறந்த காலத்தின் உணவு எழுத்து பாரிசையே மையமாகக் கொண்டிருந்தது. 1803 முதல் 1812 வரை கிரிமோ த லா ரேனியேர் வெளியிட்டுவந்த உணவுப் பிரியர்களுக்கான ஆண்டு நூல் பாரிசின் கடைகளையே வாசகனுக்கு அறிமுகப்படுத்தியது. மாகாணங்கள் பண்டங்களை அனுப்பின. தலைநகர் அவற்றை உண்டது. உண்பவன் அந்த ஊர்களுக்கே போய் உண்ண வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

உண்பவனை ஊருக்கு வெளியே இழுத்தவை மிதிவண்டியும் காரும் ஆகும். ரயில் பயணியை நிலையத்தில் இறக்கிவிட்டு அடுத்த நகரத்துக்கு ஓடிவிடும். சாலையில் செல்பவனோ பசித்த இடத்தில் நிற்கிறான், இருட்டிய இடத்தில் தங்குகிறான். 1890இல் மிதிவண்டி ஆர்வலர்கள் தொடங்கிய பிரான்சு டூரிங் கிளப் என்னும் சங்கம், சிற்றூர் விடுதிகள் அழுக்கின்றி இருக்க வேண்டும் என்பதைத் தன் முதன்மையான பணிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டு, எளிதில் கழுவக்கூடிய வெள்ளைச் சுவர்களைக் கொண்ட மாதிரி அறை ஒன்றை 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைத்துக் காட்டியது. அதே ஆண்டில், கிளெர்மோன்-ஃபெரான் நகரில் டயர் தொழிற்சாலை நடத்திய ஆந்த்ரே, எதுவார் மிஷ்லேன் சகோதரர்கள் தங்கள் சிவப்பு அட்டை வழிகாட்டி நூலின் முதற்பதிப்பை வெளியிட்டார்கள். நாடு முழுவதும் 3,000 கார்கள்கூட ஓடாத அந்தக் காலத்தில் ஏறத்தாழ 35,000 பிரதிகள் அச்சாகி இலவசமாக வழங்கப்பட்டன. டயர் மாற்றும் முறை, பெட்ரோல் கிடைக்கும் இடம், பழுது பார்ப்போர், மருத்துவர் ஆகிய விவரங்களே அந்நூலின் உள்ளடக்கம்; உணவு அதில் பெரிய இடம் பெறவில்லை.

நூலுக்கு விலை வைக்கப்பட்ட 1920க்குப் பிறகே உணவு முன்னுக்கு வந்தது. 1926இல் நல்ல சமையல் உள்ள விடுதிகளுக்கு ஒற்றை நட்சத்திரக் குறி இடப்பட்டது. 1931இல் இரண்டு, மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்தன. 1936இல் அவற்றின் பொருள் வரையறுக்கப்பட்டது. ஒரு நட்சத்திரம் தன் வகையில் மிக நல்ல உணவு, இரண்டு வழியை விட்டு விலகிச் செல்லத் தகுந்தது, மூன்று அதற்காகவே பயணம் புறப்படத் தகுந்தது என்னும் இந்த வரையறையில் சுவை தூரத்தால் அளக்கப்படுவது கவனிக்கத்தக்கது. டயர் விற்பவர்களுக்கு அது இலாபகரமான அளவுகோல்தான் என்றாலும், சமையல் ஒன்றே பயணத்தின் நோக்கமாக அமையலாம் என்னும் கருத்தைப் பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் பேச்சில் நிலைபெறச் செய்ததில் அதற்கு இணையான வேறொன்றைக் காட்டுவது கடினம்.

கருத்து இவ்வாறு பரவிய அதே காலத்தில், குர்னோன்ஸ்கி என்ற புனைபெயரால் அறியப்பட்ட மொரிஸ் சையான், தம் நண்பர் மார்செல் ரூஃபுடன் சேர்ந்து மாகாணம் மாகாணமாக உண்டு எழுதிய நூல்வரிசையை 1921இல் தொடங்கி, 1928க்குள் 28 தொகுதிகளாக வெளியிட்டார். அரண்மனைச் சமையலின் அலங்காரங்களைக் காட்டிலும் அந்தந்த மண்ணில் விளைந்ததை அதன் சுவை கெடாமல் சமைக்கும் ஊர்ச்சமையலே உயர்ந்தது என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தச் சமையலைக் காத்துவந்தவர்களில் பெண்கள் மிகப் பலர் என்பது இந்த வரலாற்றில் அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தியாகும். லியோனில் வசதிபடைத்தோர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த பெண்கள் பிற்பாடு சொந்தமாகச் சிறு உணவகங்களைத் திறந்து ‘அம்மாக்கள்’ என்றே ஊராரால் அழைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஃபில்லியூ அம்மையாரிடம் தொழில் கற்றவரும், பண்ணை வேலையில் வளர்ந்தவருமான எழேனி பிராசியே 1921இல் லியோனில் தம் உணவகத்தைத் தொடங்கினார்; 1933இல் நகரத்திலும் அருகிலுள்ள லுவேர் கணவாயிலும் அவர் நடத்திய இரண்டு உணவகங்களும் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றன. பாரிசிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்லும் பெருஞ்சாலை லியோன் வழியே சென்றதும், அதே சாலையோட்டத்தில் சோலியூ, வியேன், வலான்ஸ் ஆகிய ஊர்களில் பெரும் சமையற்காரர்கள் அமைந்ததும் தற்செயலாக நிகழ்ந்தவை அல்ல. ஒரு பகல் கார்ப்பயணம் முடிந்து பயணி சோர்ந்து இறங்கும் இடத்தில்தான் சிறந்த அடுப்பு எரிந்தது.

ஒயின் வட்டாரங்களின் கதை இதைவிடக் கசப்பானது. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும் ஃபைலாக்சரா என்னும் அமெரிக்கச் சிறுபூச்சி 1860களில் தென்பிரான்சில் தோன்றி, 1870களின் இறுதியில் பர்கண்டியை எட்டியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் உள்ளூர்க் கொடிகளை ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீட்கப்பட்டாலும், 1917க்குப் பிறகு ருசியச் சந்தையும், 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கால் அமெரிக்கச் சந்தையும் கைவிட்டுப்போக, அடுத்து வந்த பொருளாதார வீழ்ச்சி நிலவறைகளில் பீப்பாய்களைத் தேங்கச் செய்தது. பர்கண்டியின் பெருமையோ பெரும்பாலும் ஊர்ப்பெயர்களில் அடங்கியிருந்தது. ஜெவ்ரே என்னும் சிற்றூர் தன் புகழ்பெற்ற தோட்டமான ஷாம்பெர்தானின் பெயரை 1847லேயே தன் பெயரோடு இணைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்து ஊர்கள் பலவும் அவ்வழியே சென்றன. பெயருக்கு மதிப்பு ஏற ஏற அப்பெயரால் கலப்பட ஒயின் விற்பதும் பெருகியமையால், 1935ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பொருளின் பெயரை அது விளைந்த நிலத்தோடும் செய்முறையோடும் பிணைக்கும் தோற்றப்பெயர் முறையை, அதாவது இன்றைய புவிசார் குறியீட்டின் முன்னோடியை, முறைப்படுத்தியது. வணிகர்களுக்குப் பீப்பாயாக விற்றுவந்த விவசாயிகளில் சிலர் தாமே புட்டியில் அடைத்துத் தம் பெயரிலேயே விற்கத் துணிந்ததும் இக்காலத்தில்தான். அவ்வாறு விற்பவருக்கு வீட்டு வாசலுக்கு வரும் வாடிக்கையாளர் தேவைப்பட்டார்.

அவரை வரவழைக்கும் முயற்சிக்கு டிஜோன் நகரின் மேயர் கஸ்தோன் ழெரார் முன்பே வழிகாட்டியிருந்தார். 1921இல் அவர் தொடங்கிய உணவுப் பொருட்காட்சி ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் கூட்டத்தை ஈர்த்தது. 1934இல் நுயி-சான்-ஜோர்ஜ் ஊரில் ஜோர்ஜ் ஃபெவ்லே, கமில் ரொதியே இருவரும் ‘தாஸ்தவேன் வீரர் கழகம்’ என்ற அமைப்பை நிறுவினார்கள். ஒயினைச் சுவைத்துப் பார்க்க உதவும் ஆழமற்ற வெள்ளிக்கிண்ணமே தாஸ்தவேன். விலைபோகாத ஒயினை நண்பர்களை அழைத்துப் பரிமாறுவது என்னும் முடிவிலிருந்து பிறந்த இக்கழகம், செம்பொன் அங்கிகளையும் பழைய பாணிச் சடங்குகளையும் தானே வகுத்துக்கொண்டு, பத்திரிகையாளர்களையும் தூதர்களையும் விருந்துக்கு அழைத்தது. அச்சடங்குகள் புதியவை என்பதால் அவற்றைப் போலி என ஒதுக்குவது நியாயமாகாது. அழிவை எதிர்நோக்கிய ஊர்கள் தம் உழைப்புக்கு ஒரு விழாக்கோலம் கொடுத்துத் தலைநிமிர்ந்தன என்றே அதைக் கொள்ள வேண்டும். 1937இல் டிஜோனிலிருந்து போன் நகரைக் கடந்து சாந்த்னே வரை ஏறத்தாழ 60 கி.மீ. நீளும் ‘பெருந்தோட்டச் சாலை’ வகுக்கப்பட்டது. பிரான்சின் முதல் ஒயின் சாலையாகக் கருதப்படும் அது, கல்மதில்களால் பிரிக்கப்பட்ட ‘கிலிமா’ எனப்படும் தோட்டத் துண்டுகளின் நடுவே செல்கிறது. அத்தகைய 1,247 துண்டுகளைக் கொண்ட நிலப்பரப்பை யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இதே உத்தி அண்டை நாட்டில் இருண்ட முகத்தையும் காட்டியது. ஜெர்மனியின் பலாட்டினேட் வட்டாரத்தில் 1935இல் திறக்கப்பட்ட ஒயின் சாலை, அவ்வணிகத்தின் பெரும்பகுதியைத் தாங்கிவந்த யூத வணிகர்களை நாஜி ஆட்சி நசுக்கியதால் சரிந்த விற்பனையைத் தூக்கிநிறுத்த அவ்வாட்சியே செய்த ஏற்பாடாகும்.

நடைவழிகள் வேறொரு மரபிலிருந்து வந்தவை. நெப்போலியன் படையில் பணியாற்றிய குளோத்-ஃபிரான்சுவா தெனகூர் 1842 முதல் ஃபோந்தேன்புளோ காட்டில் நீலக் குறிகளிட்ட பாதைகளைத் தம் சொந்தச் செலவிலும் உழைப்பிலும் அமைத்தார். அல்சாஸ் வட்டாரம் ஜெர்மானியப் பேரரசின் கீழிருந்த 1872இல் சாவேர்ன் நகரில் தோன்றிய வோஜ் மலைச் சங்கம் மலைமுழுதும் வண்ணக் குறிகளைத் தீட்டியது. 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்கு ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுப்பையும் சலுகை ரயில் கட்டணத்தையும் அளித்தபோது, நட்சத்திர உணவகங்களின் படியேறப் பணமில்லாத இலட்சக்கணக்கானோர் கூடாரத்தோடும் மிதிவண்டியோடும் நாட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். அவர்களையும் கணக்கில் கொள்ளாத உணவுப் பயண வரலாறு அரைகுறையானது. போருக்குப் பின் 1947இல் நெடுநடைப் பாதைகளுக்கான தேசியக் குழு ழான் லுவாசோவின் முயற்சியால் அமைந்து, வெள்ளையும் சிவப்புமான இருகோட்டுக் குறியை நாடெங்கும் கொண்டுசென்றது.

இம்மரபுகள் நெருங்கிக் கலந்த இடமென அல்சாஸைச் சொல்லலாம். 1944-45 குளிர்காலத்தில் கோல்மார் நகரைச் சுற்றி நடந்த போரில் பென்விர், சிகோல்ஸ்ஹைம், அம்மர்ஷ்விர் போன்ற திராட்சை ஊர்கள் ஏறக்குறைய முற்றாக இடிந்தன. இடிபாடுகளிலிருந்து ஊர்கள் மீண்டெழுந்துகொண்டிருந்த 1953இல் மார்லன்ஹைமில் தொடங்கித் தெற்கே ஏறத்தாழ 170 கி.மீ. செல்லும் அல்சாஸ் ஒயின் சாலை திறக்கப்பட்டது. அச்சாலைக்கு மேலே, மலைச்சரிவில் பழைய சங்கத்தின் நடைவழிகள் செல்கின்றன. அவற்றுக்கும் மேலே, கோடையில் மாடுகளை உச்சிப் புல்வெளிக்கு ஓட்டிச்சென்று மன்ஸ்டர் பாலாடைக்கட்டி செய்யும் குடும்பங்கள், தம் பண்ணைப் பொருள்களையே பெரும்பாலும் கொண்டு இறைச்சி அடையும் வெங்காயத்தோடு மெதுவாக வேகவைத்த உருளைக்கிழங்கும் சமைத்து நடைபயணிகளுக்குப் பரிமாறுகின்றன. இங்கே பயணத் திட்டம் மந்தையின் நாட்காட்டிக்கும் கொடியின் நாட்காட்டிக்கும் கட்டுப்பட்டது: மாடுகள் மேலேறும் வசந்தத்தின் இறுதிவரை உச்சிப் பண்ணைகளில் பல திறப்பதில்லை, இலையுதிர்காலத்தின் தொடக்கத்தில் திராட்சை அறுவடை நடைபெறும்போது தோட்டங்களின் நடுவே செல்லும் நடைவழிகளைப் பல ஊராட்சிகள் அடைத்துவிடுவதால், அந்நாட்களில் வருபவர்கள் மலைப்பாதையையே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.