சூரியனுக்கு மானியம்

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் கரண்ட் பில்லோடு வந்தார். "சார், மாடியில சோலார் போட்டா 78,000 ரூபா தர்றாங்களாமே, நம்பலாமா?" என்றார். நான் ரிட்டையர்டு குமாஸ்தா என்பதால் மண்ணூரில் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும். எந்த அரசாணை வந்தாலும் தொகைக்கு முன்னால் கெடு தேதியைப் பார்ப்பது என் பழக்கம். அதற்குக் காரணம் உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். சூரிய சக்தி என்றதும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் எட்மோன் பெக்கெரல். வெளிச்சம் பட்டு மின்சாரம் பிறப்பதை 1839-ல், தம் 19 வயதில் கண்டறிந்தவர். மற்றவர் ஒகுஸ்தென் மூஷோ என்ற கணக்கு வாத்தியார். நிலக்கரி ஒருநாள் தீரும் என்பது அவர் வாதம். அரசாங்கமும் அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. 1878 பாரீஸ் கண்காட்சியில் வெயிலைக் குவித்து நீராவி எஞ்சினை ஓட்டினார். அதே வெயிலால் ஐஸ் கட்டியும் செய்து காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு நிலக்கரி விலை இறங்கியது, அரசின் உதவியும் நின்றது. மூஷோவை எல்லோரும் மறந்தார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2012-ல் பட்ட மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அக்டோபரில்தான் தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கை வந்தது. வீட்டு மாடியில் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு முதல் இரண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருஷம் 50 காசு ஊக்கத்தொகை. 31-3-2014-க்குள் போட்டுவிட வேண்டும். பிறகு 1 கிலோவாட்டுக்கு மாநில அரசு 20,000 ரூபாய், அதோடு மத்திய அரசின் 30 சதவீதம் என்றும் அறிவித்தார்கள்.

எனக்கும் ஆசைதான். ஆனால் மானியம் போக மீதியை நாம் போட வேண்டுமே! மகள் கல்யாணக் கடன் அப்போது தீரவில்லை. இன்வெர்ட்டர் வாங்கிச் சமாளித்தேன். கெடு போய்விட்டது.

2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்வெட்டும் குறைந்து, பில்லும் குறைந்த பிறகு சோலாரைப் பற்றி யார் பேசுவார்கள்? மூஷோவுக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய். பலகை போட்டு, மீட்டர் மாற்றிய பிறகு பணம் வங்கிக் கணக்கில் வரும். நான் 3 கிலோவாட் போட்டேன். நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் கிடைக்கிறது. "போட்ட காசு திரும்பி வர்றதுக்குள்ள நாம இருப்போமா?" என்றாள் மனைவி. "வீடு இருக்குமே" என்றேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பக்கத்தில் ஒரகடத்தில் விக்ரம் சோலார், பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் என்று பலகை செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் வேலை பார்க்கும் பையன் எங்கள் வீட்டில் குடியிருக்கிறான். ஷிப்டு முடிந்து வந்து வாடகை அறையில் படுக்கிறான். சொந்தக் கூரை இல்லாத அவனுக்கு இந்த மானியம் எதுவும் கிடையாது. அதனால் பலகை போட்ட மாதத்திலிருந்து அவனிடம் கரண்டுக்குக் காசு வாங்குவதில்லை.

தெருக்காரரிடம் சொன்னேன்: "நம்பலாம் சார். ஆனா இந்தத் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். தேதியைக் குறிச்சு வச்சுக்குங்க."