51 மாதத்துக்கு அப்புறம் சம்பளம் யார் கொடுப்பாங்க?

இளைஞர்களின் மனநலத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கீடுன்னு ஒரு செய்தி வந்தா, நாம முதல்ல பார்க்கிறது தொகையைத்தான். இந்தப் பணம் எத்தனை வருஷத்துக்கு? அது முடிஞ்சதும் அங்கே வேலை செய்யறவங்களுக்குச் சம்பளம் யார் தருவாங்க? இதைக் கேட்கிறவங்க ரொம்பக் கம்மி. அமெரிக்கா இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலே ஒரு பெரிய திட்டத்தை ஆரம்பித்தது. இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

முதலில் 1909, சிகாகோ. சிறார் நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகள் ஏன் தப்புத்தண்டாவில் இறங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ள, வில்லியம் ஹீலி என்ற மருத்துவர் தலைமையில் ஒரு சின்ன நிலையம் தொடங்கியது. எத்தல் டம்மர் என்ற வசதியான பெண்மணி ஐந்து வருஷச் செலவை ஏற்றுக்கொண்டார். கெடு முடிந்தபோது உள்ளூர் கவுண்டி நிர்வாகம் நிலையத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

1922 முதல் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளை இதே பாணியைப் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. செயின்ட் லூயிஸ், டல்லாஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற ஊர்களில் குழந்தை வழிகாட்டு மையங்களை நடத்திக் காட்டினார்கள். பிடித்திருந்தால் ஊர்க்காரர்கள் தொடர்ந்து நடத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. எல்லா ஊரும் அப்படித் தொடரவில்லை. ஆனாலும் 'நாம ஆரம்பிச்சு வெச்சா போதும், அப்புறம் ஊர் பார்த்துக்கும்' என்ற நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. அந்த மையங்களின் யோசனை கடல் தாண்டியும் போனது. 1937இல் பம்பாயில், சர் தொராப்ஜி டாடா பெயரிலான சமூகப்பணிப் பள்ளி இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையத்தைத் திறந்தது. இன்றைக்கு நாம டிஸ் என்று சொல்கிறோமே, அந்த நிறுவனம்தான்.

இப்போ 1963க்கு வருவோம். அதற்குச் சில வருஷம் முன்பு, 1955இல், அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதிபர் கென்னடிக்கு இது வெறும் புள்ளிவிவரம் கிடையாது. அவருடைய தங்கை ரோஸ்மேரிக்கு 1941இல், 23 வயதில், மூளையில் லோபாட்டமி அறுவை செய்திருந்தார்கள். அதற்கப்புறம் அவரால் தனியாக வாழவே முடியவில்லை. 1963 அக்டோபர் 31 அன்று கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த 22ஆவது நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தச் சட்டம் கட்டடத்துக்குக் காசு கொடுத்தது. ஆட்களுக்குக் கொடுக்கவில்லை. அரசு சம்பளம் கொடுத்தால் மருத்துவத் தொழிலே அரசு கைக்குப் போய்விடும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் எதிர்த்ததால், அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். 1965இல்தான் ஊழியர் சம்பளத்துக்கு மானியம் வந்தது. அதுவும் படிப்படியாகக் குறைகிற மானியம். முதல் 15 மாதம் 75 சதவீதம், பிறகு வருஷத்துக்கு ஒரு படியாக 60, 45, 30. மொத்தம் 51 மாதம். அதன் பிறகு பூஜ்யம்.

இதில் பிள்ளைகள் எங்கே அடிபட்டார்கள் தெரியுமா? ஒவ்வொரு மையமும் ஐந்து சேவைகளைக் கட்டாயம் தரணும். உள்நோயாளி சிகிச்சை, வெளிநோயாளி சிகிச்சை, பகல்நேரப் பராமரிப்பு, அவசர உதவி, ஐந்தாவதாக ஆலோசனையும் கல்வியும். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரிடம் பேசுவது, போலீஸ்காரருக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் இந்த ஐந்தாவதில் வரும். ஒரு பதின்வயதுப் பிள்ளையின் தவிப்பு முதலில் கண்ணில் படுவது வகுப்பறையில்தானே? ஆனால் ஆசிரியரோடு பேசிய அரை மணி நேரத்துக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்புவது? மானியம் குறையக் குறைய, பில் போட முடிந்த வேலைகள் தாக்குப்பிடித்தன. பில் போட முடியாத வேலைகளில்தான் முதலில் கை வைத்தார்கள்.

இதைச் சரிசெய்யவும் முயற்சி நடந்தது. 1970இல் குழந்தைகளுக்கென்று தனி மானியம் வந்தது. 1975இல் அவர்களுக்கான சேவையையே கட்டாயமாக்கினார்கள். 1980இல் அதிபர் கார்ட்டர் ஒரு புதுச் சட்டமே கொண்டுவந்தார். அதற்கு ஒரு வருஷம்கூட ஆயுள் இல்லை. 1981 ஆகஸ்டில் ரேகன் அரசு அதன் பெரும்பகுதியை ரத்து செய்து, பணத்தை மொத்தமாக மாநிலங்களிடம் கொடுத்தது, தொகையையும் குறைத்து. திட்டமிட்ட 1,500 மையங்களில் அதுவரை நிதி கிடைத்தது ஏறத்தாழ பாதிக்குத்தான்.

அடுத்த வருஷமே, 1982இல், ஜேன் நிட்சர் என்ற ஆய்வாளர் ஒரு கணக்கு வைத்தார். தீவிர மனநலப் பிரச்சினை உள்ள சுமார் 30 லட்சம் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையான சேவை கிடைக்கவில்லை. அந்த அறிக்கை உலுக்கியதில், 1984இல் 15 லட்சம் டாலரில் ஒரு சின்னத் திட்டம் பிறந்தது. அந்தப் பணம் சிகிச்சைக்கு இல்லை. பள்ளி, நீதிமன்றம், குழந்தைகள் நலத்துறை, மனநலத்துறை எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர மாநிலங்களைத் தயார் செய்வதற்கு. 1992இல் பெரிய மானியம் வந்தபோது, உள்ளூர் எவ்வளவு போடணும் என்பதை முதல் வருஷத்திலிருந்தே விதியாக எழுதிவைத்தார்கள். வருஷம் போகப் போக உள்ளூரின் பங்கு கூடும். 1963இல் நம்பிக்கையாக மட்டும் இருந்த விஷயம், கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து நிபந்தனையாக மாறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பிற்பாடு கையைக் கடிக்கும் செலவு எது என்பது முன்கூட்டியே தாளில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த முறை ஒரு காலேஜிலோ, உங்க ஏரியாவிலோ கவுன்சலிங் மையம் திறக்கிறாங்கன்னா, ரிப்பன் வெட்டுகிற போட்டோவைப் பார்த்துட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. அந்தக் கவுன்சலருக்கு எத்தனை மாத கான்ட்ராக்ட்? அது முடிஞ்சா, அவங்ககிட்ட மனசு விட்டுப் பேச ஆரம்பிச்ச பிள்ளை யார்கிட்ட போகும்?